ஷேலில் கிடைமட்டக் கிணறு போடுவது எப்படி: மார்செல்லஸை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மார்செல்லஸ் என்ற ஷேல் (மெல்லிய அடுக்குகளாக இறுகிய களிப்பாறை) அடுக்கில் போடும் வாயுக் கிணறுகளுக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருகிற எல்லோருக்கும் கண் அந்த 90 டிகிரி வளைவின் மேலும், அதற்கப்புறம் 10,000 அடி வரை படுத்தபடியே போகிற லேட்டரலின் மேலும்தான் இருக்கிறது. நான் பார்த்தவரை கிணறு கெடுவது பெரும்பாலும் பிட் (பாறையை வெட்டும் முனை) தரையைத் தொடுவதற்கு முன் போட்ட கணக்கிலும், யாரும் பெரிதாக நினைக்காத மேல்துளையிலும், வரிசை மாற்றிச் செய்த வேலையிலும்தான். ஒவ்வொரு படிக்கும் காரணமும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தவர் பாறை கொஞ்சம் மாறினாலே திகைத்து நின்றுவிடுகிறார்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

பக்கத்துக் கிணறுகளின் காமா பதிவு (பாறையின் இயற்கைக் கதிரியக்க அளவு), அந்தப் பேடில் (பல கிணற்று வாய்கள் இருக்கும் தளம்) ஏற்கெனவே இருக்கிற எல்லாக் கிணறுகளின் சர்வே (துளை எந்தச் சாய்விலும் திசையிலும் போகிறது என்ற அளவீடு), நில அதிர்வு வரைபடம் இருந்தால் அது, பழைய கைவிடப்பட்ட கிணறுகளின் பட்டியல். இந்த நான்கும் மேஜையில் இல்லாமல் திட்டம் போட உட்காராதீர்கள். பென்சில்வேனியாவில் 1859-லிருந்து எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், பழைய கிணறுகளில் பலவற்றுக்கு முறையான ஆவணமே கிடையாது. பட்டியலில் இல்லை என்பதற்காக நிலத்தில் இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஆள் நடந்து போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

அடுத்தது தண்ணீர் மாதிரி. இந்த மாநிலத்தின் 2012-ஆம் ஆண்டு 13-ஆம் எண் சட்டப்படி, ஷேல் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் இருக்கும் குடிநீர் கெட்டுப்போய், அது கிணறு வேலை முடிந்த 12 மாதத்துக்குள் நடந்திருந்தால், பொறுப்பு கிணறு போட்டவருடையது என்றே முதலில் கொள்ளப்படும். அதனால் ரிக் வருவதற்கு முன்பே சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளில் மாதிரி எடுத்துச் சோதித்து வைக்க வேண்டும். மீத்தேன் அளவையும் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் வடகிழக்குப் பகுதியில் பல தண்ணீர்க் கிணறுகளில் இயற்கையாகவே மீத்தேன் இருக்கிறது. இதை வழக்குக்கான காகிதம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற குடும்பத்துக்கும் தங்கள் கிணற்றில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

2. இலக்கு அடுக்கையும் திசையையும் முடிவு செய்யுங்கள்

திட்டத்தைக் கீழிருந்து மேலாகப் போட வேண்டும். முதலில் லேட்டரல் எந்த அடுக்கில் ஓடும், எந்தத் திசையில் ஓடும் என்று தீர்மானித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து கிணற்று வாய் எங்கே என்று பாருங்கள். புதியவர்கள் பேடின் நடுவில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அங்கிருந்து கோடு இழுக்கத் தொடங்குகிறார்கள், பிறகு இலக்கைக் கோட்டுக்காக நகர்த்துகிறார்கள்.

மார்செல்லஸின் அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒனண்டாகா சுண்ணாம்புப் பாறை. அதன் மேல் கரிமப் பொருள் நிறைந்த கீழ் மார்செல்லஸ். அதற்கு மேலே பல இடங்களில் செர்ரி வேலி என்ற மெல்லிய சுண்ணாம்பு அடுக்கு. அதற்கும் மேலே மேல் மார்செல்லஸ். கரிமப் பொருளோடு யுரேனியமும் சேர்ந்திருப்பதால் கீழ் மார்செல்லஸில் காமா மிக உயரமாகக் காட்டும், சுண்ணாம்பில் சட்டென்று விழும். வாயு அதிகமும் பாறை நன்றாக உடையக்கூடியதும் பெரும்பாலும் கீழ் மார்செல்லஸில்தான். அதனால் அதற்குள் 10 முதல் 15 அடி தடிமனுள்ள ஒரு சன்னலை இலக்காக எடுப்பது வழக்கம்.

திசைக்குக் காரணம் பாறையின் அழுத்தம். இந்தப் பகுதியில் மிகப்பெரிய கிடைமட்ட அழுத்தம் ஏறக்குறைய கிழக்கு-வடகிழக்குத் திசையில் இருக்கிறது, வாயு வெளியே வரப் பாறையைத் தண்ணீர் அழுத்தத்தால் உடைக்கும்போது பிளவுகள் அந்தத் திசையிலேயே ஓடும். அதற்குக் குறுக்கே, அதாவது வடமேற்கு-தென்கிழக்காக, லேட்டரலைப் போட்டால்தான் ஒவ்வொரு பிளவும் கிணற்றை விட்டு விலகிப் புதிய பாறையைத் தொடும். நிலக் குத்தகையின் எல்லைக்கு வசதியாக இருக்கிறதே என்று திசையைத் திருப்பினால் பிளவுகள் கிணற்றை ஒட்டியே ஓடி ஒன்றின் மேல் ஒன்று விழும். பிளவு மூடாமலிருக்க எத்தனை மணல் அடித்தாலும் அந்த இழப்பு திரும்பி வராது.

3. வளைவின் கணக்கு

இந்தக் கணக்கை ஒரு தடவையாவது கையால் போட்டுப் பாருங்கள். 100 அடிக்கு எத்தனை டிகிரி வளைக்கப்போகிறீர்கள் என்ற எண்ணால் 5,730-ஐ வகுத்தால் வளைவின் ஆரம் அடியில் கிடைக்கும். 100 அடிக்கு 10 டிகிரி என்றால் ஆரம் 573 அடி. இலக்கு 7,000 அடி ஆழத்தில் இருந்தால், 7,000-லிருந்து 573-ஐக் கழித்து 6,427 அடியில் வளைக்கத் தொடங்க வேண்டும். வளைவின் நீளம் 900 அடி.

இப்போது மோட்டார் (பிட்டுக்கு மேலே இருந்து அதைச் சுழற்றும், சற்று வளைந்த உடலுள்ள கருவி) 10 டிகிரி தராமல் 8 டிகிரிதான் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 716 அடி ஆகிவிடும். அதாவது இலக்கை விட 143 அடி ஆழத்தில்தான் துளை படுக்கும். உங்கள் சன்னலோ 15 அடிதான். அந்த இடைவெளியில் நீங்கள் மார்செல்லஸைத் தாண்டி ஒனண்டாகாவுக்குள் போயிருப்பீர்கள், கடினச் சுண்ணாம்பில் பிட் தேய்ந்துகொண்டிருக்கும்.

அதனால் திட்டத்தில் எடுத்த வளைவு விகிதத்தை விடக் கூடுதலாகத் தரக்கூடிய மோட்டாரைத்தான் கீழே இறக்க வேண்டும். அதிகமாக வளைத்தால் குழாயைக் கொஞ்சம் சுழற்றித் தணித்துக்கொள்ளலாம். குறைவாக வளைத்தால் வழியே இல்லை: மொத்தத்தையும் மேலே இழுத்து மோட்டாரின் கோணத்தை மாற்றிவிட்டு மறுபடி இறக்க வேண்டும்.

4. பக்கத்துக் கிணற்றோடு மோதாமல் இருக்க

ஒரே பேடில் கிணற்று வாய்கள் 15, 20 அடி இடைவெளியில் வரிசையாக இருக்கும். 6,000 அடி கீழே போவதற்குள் இரண்டு துளைகள் ஒன்றையொன்று தொட ஒரு டிகிரி விலகல் போதும். ஆகவே மேல்துளையிலேயே இரண்டு, மூன்று டிகிரி சாய்த்து ஒவ்வொரு கிணற்றையும் அதற்குரிய திசையில் விலக்கிவிட வேண்டும். சர்வே எண்ணைத் துல்லியமான புள்ளியாக நினைக்காதீர்கள், அதைச் சுற்றி ஒரு நிச்சயமின்மை வட்டம் உண்டு, ஆழம் கூடக்கூட அதுவும் பெரிதாகும். இரண்டு வட்டங்களுக்கும் இடையிலான பிரிவு எண் (துளைகளின் இடைவெளியை இரண்டு வட்ட ஆரங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தது) 1.5-க்குக் கீழே வந்தால் கலந்து பேசுங்கள், 1-க்கு வந்தால் நிறுத்துங்கள்.

பக்கத்தில் இரும்புக் கேசிங் (துளைச் சுவரைத் தாங்கும் குழாய்) இருக்கும் ஆழத்தில் காந்த சர்வேயை நம்ப முடியாது. அங்கே காந்தத்தைச் சாராத கைரோ கருவிதான்.

திசைத் திருத்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான். வடகிழக்குப் பென்சில்வேனியாவில் காந்த வடக்கு, உண்மை வடக்கிலிருந்து மேற்கே சுமார் 12 டிகிரி விலகியிருக்கிறது. மேற்கு என்றால் கழிக்க வேண்டும். கருவி 345 டிகிரி காட்டினால் உண்மைத் திசை 333. சர்வே கேபினில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் புதியவர் கழித்தல் குறியைப் போட மறந்தால் திரையில் 357 என்று வரும், பிழை 24 டிகிரி. எண் பார்க்க ஒழுங்காக இருக்கும், மணியும் அடிக்காது, எச்சரிக்கையும் வராது. இத்தனை டிகிரி கூட வேண்டாம், ஒரே ஒரு டிகிரி தவறினாலும் 10,000 அடி லேட்டரலின் கோடியில் 175 அடி தள்ளிப் போயிருப்பீர்கள். வரைபடக் கட்ட வடக்குக்கான திருத்தம் இதற்கு மேல் தனி. அதனால் திருத்த எண்ணை இரண்டு பேர் தனித்தனியாகத் தாளில் போட்டு, ஒப்பிட்டு, கையெழுத்திட்ட பிறகே கணினியில் ஏற்றச் சொல்லுங்கள்.

5. மேல்துளையும் மேல்கேசிங்கும்

அவசரப்படுகிற இடம் இது, அவசரமே கூடாத இடமும் இதுதான். நல்ல தண்ணீர் அடுக்குகளைத் தாண்டும் வரை காற்று அல்லது நன்னீர் கொண்டுதான் துளையிட வேண்டும், எண்ணெய் மட் (துளைக்குள் சுற்றவிடும் சேறு போன்ற திரவம்) கூடாது. மாநில விதிப்படி மேல்கேசிங், மிக ஆழமான நன்னீருக்கு ஏறக்குறைய 50 அடி கீழே அல்லது கெட்டிப் பாறைக்குள் 50 அடி, எது ஆழமோ அதுவரை இறங்க வேண்டும். சிமென்ட் வெளிப்புறமாக ஏறித் தரைக்கு வந்து சேர வேண்டும். பிறகு குறைந்தது 8 மணி நேரம் அதை அசைக்கக் கூடாது.

சிமென்ட் தரைக்கு வந்ததைக் கண்ணால் பாருங்கள். வந்த பிறகு மெதுவாகக் கீழே இறங்கிவிடுகிறதா என்றும் நின்று பாருங்கள். இறங்கினால் கீழே ஏதோ பிளவு அதைக் குடிக்கிறது, மேலிருந்து நிரப்பித்தான் ஆக வேண்டும். கேசிங்கை நடுவில் நிறுத்தும் சென்ட்ரலைசர்களைக் கணக்குப் பார்த்துக் குறைக்காதீர்கள். குழாய் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்துவிட்டால் அந்தப் பக்கம் சிமென்ட் போகாது, அந்த மெல்லிய இடுக்கு வாயுவுக்குப் பாதையாகிவிடும்.

சஸ்குவஹானா மாவட்டத்தின் டிமோக் ஊரில் 2009 ஜனவரி 1 அன்று ஒரு வீட்டுத் தண்ணீர்க் கிணற்றில் சேர்ந்திருந்த மீத்தேன் வெடித்தது. அந்தப் பகுதி வாயுக் கிணறுகளின் கேசிங்கிலும் சிமென்டிலும் குறைகள் இருந்ததாக மாநிலச் சுற்றுச்சூழல் துறை கண்டது. இலக்கு அடுக்குக்கும் மேலே, இடைப்பட்ட ஆழத்தில் சிறு சிறு வாயு அடுக்குகள் நிறைய இருக்கின்றன. அவற்றை மூடத்தான் 9⅝ அங்குல இடைக்கேசிங். இதையெல்லாம் செலவாக மட்டும் பார்க்கிறவரோடு நான் ஒத்துப்போவதே இல்லை.

6. வளைவைப் போடுதல்

இடைக்கேசிங் இறங்கியதும் காற்றை நிறுத்திவிட்டு எண்ணெய் அடிப்படையிலான செயற்கை மட்டுக்கு மாறுவார்கள். தண்ணீர் மட் பட்டால் களி ஊறி உப்பி, துளைச் சுவர் உதிரும் என்பதுதான் காரணம். இன்னொன்றையும் கவனியுங்கள்: நேர்க்குத்துத் துளையில் சுவரைத் தாங்கிய அதே மட் எடை, துளை படுக்கத் தொடங்கியதும் போதாமல் போகலாம், ஏனென்றால் மேலிருக்கும் பாறையின் மொத்தப் பாரமும் இப்போது துளையின் கூரை மேல் நேராக இறங்குகிறது. சாய்வு கூடக்கூட எடையையும் படிப்படியாகக் கூட்டுங்கள். உதிர்ந்த பிறகு கூட்டுவது கிட்டத்தட்டப் பயனற்றது.

மோட்டாரால் வளைக்கும்போது குழாயைச் சுழற்றாமல் ஸ்லைடு செய்வோம். பிட் வலப்புறம் சுழல்வதால் மோட்டாரின் உடல் இடப்புறம் திமிறும், பாரம் வைக்க வைக்க டூல்ஃபேஸ் (மோட்டாரின் வளைவு பார்க்கும் திசை) இடது பக்கம் நகரும். அதனால் பாரம் வைப்பதற்கு முன்பே தேவையான அளவு வலப்புறம் தள்ளி நிறுத்துங்கள். புதிய டிரில்லர்கள் செய்யும் தவறு பொறுமையின்மைதான்: டூல்ஃபேஸ் நிலைப்பதற்கு முன் பாரத்தைக் கொட்டுகிறார்கள், மோட்டார் நின்றுபோகிறது, தூக்குகிறார்கள், மறுபடி டூல்ஃபேஸ் எங்கேயோ.

வளைவில் 30 அடிக்கு ஒரு சர்வே எடுங்கள். சர்வே கருவி பிட்டுக்குப் பின்னால் சுமார் 50 அடியில் இருக்கிறது, நீங்கள் பார்க்கும் எண் பிட் கடந்து போன இடத்தின் எண். திரையில் 60 டிகிரி என்றால் பிட்டின் மூக்கில் 65 இருக்கலாம். எப்போதும் பிட் வரை நீட்டிக் கணக்கிட்டுத்தான் அடுத்த ஸ்லைடு எத்தனை அடி என்று முடிவு செய்ய வேண்டும். முதல் 100 அடியில் மோட்டார் உண்மையில் எவ்வளவு வளைக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். போதவில்லை என்றால் வெளியே இழுக்கும் முடிவை அப்போதே எடுங்கள், 70 டிகிரியில் எடுப்பதால் பயனில்லை.

7. இலக்கில் இறங்குவதும் அடுக்குக்குள் நிற்பதும்

துளை 90 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, காமாவைப் பக்கத்துக் கிணற்றின் பதிவோடு அடி அடியாகப் பொருத்திப் பாருங்கள். நம்பத்தக்க அடையாளம் செர்ரி வேலிதான். அதைக் கடந்த ஆழம் திட்டத்தை விட 8 அடி மேலே இருந்தால், இலக்கும் ஏறக்குறைய அத்தனை அடி மேலே இருக்கும், வளைவை உடனே இறுக்க வேண்டும்.

இறங்கிய பிறகு துளை 90 டிகிரியில் இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். பாறை அடுக்கு மட்டமாகக் கிடப்பதில்லை. அடுக்கு ஒரு டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் நீங்களும் 89 டிகிரியில் போக வேண்டும், 90-லேயே போனால் 1,000 அடிக்கு 17.5 அடி வீதம் விலகி, சன்னலின் கூரையைக் கிழித்து வெளியே வந்துவிடுவீர்கள்.

லேட்டரலில் காமா திடீரென்று விழுந்தால் என்ன செய்வது? இங்கேதான் பெரிய குழப்பம். மேலே செர்ரி வேலி, கீழே ஒனண்டாகா, இரண்டுமே சுண்ணாம்பு, இரண்டிலுமே காமா விழும், இரண்டிலுமே துகள்களில் அமிலம் விட்டால் நுரைக்கும். கீழே இடித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்து மூக்கை உயர்த்துகிறார்கள், உண்மையில் மேலே இடித்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த சில நூறு அடி வீண். மேல், கீழ் என்று திசை பிரித்துக் காட்டும் காமா இருந்தால் எந்தப் பக்கம் முதலில் விழுந்தது என்று பாருங்கள்: கீழ்ப்பக்கம் முதலில் விழுந்தால் ஒனண்டாகா. அது இல்லையென்றால் விழுவதற்கு முந்தைய 200 அடியின் காமா வடிவத்தைப் பின்னோக்கிப் படியுங்கள், எந்த வரிசையில் அடுக்குகளைக் கடந்தீர்கள் என்று அது சொல்லும். தெரியாமல் எதையும் திருப்பாதீர்கள். பத்து நிமிடம் நின்று மட்டைச் சுற்றவிட்டு யோசிப்பதற்கு ஆகும் செலவு சொற்பம்.

ஒரே தடவையில் பெரிய திருத்தமும் வேண்டாம். துளையில் கூர்மையான நெளிவுகள் சேர்ந்தால் பின்னால் கேசிங் இறங்கும்போது ஒவ்வொரு நெளிவும் உராய்வாகத் திரும்பி வரும்.

8. துளையைச் சுத்தமாக வைத்திருப்பது

படுத்த துளையில் துகள்கள் மட்டோடு மேலே வருவதில்லை, அடிச்சுவரில் படுக்கையாகப் படிகின்றன. பம்பின் வேகம் மட்டும் அதைக் கிளப்பாது, குழாய் சுழன்றால்தான் படுக்கை கலைந்து ஓட்டத்தில் சேரும். நீண்ட ஸ்லைடுக்குப் பிறகு குழாயைச் சுழற்றிச் சுத்தம் செய்யாமல் அடுத்த ஸ்டாண்டை (குழாய்த் தொகுப்பை) மாட்டக் கூடாது.

ஷேக்கரை (மட்டிலிருந்து துகளைப் பிரிக்கும் அதிரும் சல்லடை) போய்ப் பாருங்கள். கேபினில் இருந்தபடி டார்க் (முறுக்கு விசை) வரைபடத்தைப் பார்ப்பது போதாது. தோண்டிய அளவுக்குத் துகள் வரவில்லையென்றால் அது கீழேதான் கிடக்கிறது. துகள் உருண்டு மழமழவென்றிருந்தால் நெடுநேரம் அடியில் அரைபட்டு வந்திருக்கிறது. விரல் நீளத்தில் பிசிறுள்ள பட்டைகள் வந்தால் அது பிட் வெட்டியதே அல்ல, சுவர் உதிர்கிறது, மட் எடையைப் பற்றி உடனே பேசுங்கள். வெளியே இழுக்கும் முன் ஷேக்கர் சுத்தமாகும் வரை சுற்றவிட வேண்டும். ஒரு சுற்று போதும் என்பது நேர்க்குத்துக் கிணற்றுப் பழக்கம்.

9. உற்பத்திக் கேசிங்

5½ அங்குலக் கேசிங்கைக் கடைக்கோடி வரை இறக்க வேண்டும். நீண்ட லேட்டரலில் உராய்வு அதிகமாகி நடுவழியில் நின்றுவிடும் என்று கணக்குக் காட்டினால், முன்பகுதியில் மட்டுக்குப் பதில் காற்றை அடைத்து மிதக்கவிட்டு இறக்குவார்கள். சிமென்ட் தள்ளும்போது கேசிங்கைச் சுழற்ற முடிந்தால் சுழற்றுங்கள், அடிச்சுவரில் தங்கிய மட் அப்போதுதான் வெளியேறும். சிமென்ட் முழுதாகச் சூழவில்லை என்றால் பிறகு உடைக்கும் ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தோடு கலந்துவிடும், எங்கே உடைகிறது என்றே உங்களுக்குத் தெரியாது.

10. பாறையை உடைப்பது

கடைக்கோடியில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். ஒரு கட்டம் பெரும்பாலும் 150 முதல் 250 அடி. வயரில் பிளக்கையும் (முந்தைய கட்டத்தை மூடும் அடைப்பான்) துப்பாக்கியையும் (கேசிங்கில் ஓட்டை போடும் வெடிக்கருவி) கட்டித் தண்ணீரால் தள்ளிக் கொண்டுபோய், பிளக்கை உட்கார வைத்து, சில இடங்களில் துளைத்து, துப்பாக்கியை வெளியே எடுத்த பின் பம்புகளை ஓட்டுவார்கள். முதல் கட்டத்துக்கு மட்டும் இது நடக்காது, ஏனென்றால் தண்ணீர் வெளியேற வழியில்லாத மூடிய குழாயில் எதையும் தள்ளிக்கொண்டு போக முடியாது. அதற்காகத்தான் கேசிங்கின் கோடியில் அழுத்தத்தால் திறக்கும் ஒரு ஸ்லீவை (நகரும் உறை) முன்கூட்டியே வைப்பது. அதை மறந்தால் காயில்ட் டியூபிங் (சுருளாகச் சுற்றிய நீளக் குழாய்) வண்டியை வரவழைத்துத்தான் துளைக்க வேண்டும்.

அடிக்கு 20 பவுண்டு எடையுள்ள பி-110 ரகக் கேசிங் உள்ளழுத்தத்தைச் சுமார் 12,600 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை தாங்கும். அதில் 80 சதவீதம், அதாவது 10,000-ஐ ஒட்டி, எல்லை வைத்துக்கொள்ளுங்கள். மணலை வேகமாகக் கூட்டினால் பிளவின் வாய் அடைத்து அழுத்தம் நொடிகளில் ஏறும். வரைபடம் ஏறத் தொடங்கியதுமே மணலை நிறுத்தி வெறும் தண்ணீரால் கழுவ வேண்டும். பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளை அன்று மூடி வைத்து, அவற்றின் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

தண்ணீர் தனி வேலை. ஒரு கிணற்றுக்குப் பல மில்லியன் கேலன் வேண்டும். சஸ்குவஹானா ஆற்றுப் படுகையில் எடுப்பதற்கு அந்தப் படுகை ஆணையத்தின் அனுமதி தேவை, ஆற்றில் நீரோட்டம் ஒரு அளவுக்குக் கீழே போனால் பல இடங்களில் எடுப்பதை நிறுத்தியாக வேண்டும். கோடையில் உடைக்கத் திட்டமிட்டால் தொட்டிகளை முன்பே நிரப்பி வையுங்கள்.

11. பிளக்கை அகற்றி ஓட்டத்துக்கு விடுவது

பிளக்குகளை ஒவ்வொன்றாகத் துளைத்து நீக்கிய பின் வால்வை ஒரேயடியாகத் திறந்துவிடாதீர்கள். சிறிய சோக்கில் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துவாரம்) தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். வேகமாகத் திறந்தால் பிளவுகளைத் தாங்கி நிற்கும் மணல் கிணற்றுக்குள் வந்துவிடும், பிளவு மூடிக்கொள்ளும்.

திரும்பி வரும் தண்ணீர் நாளாக நாளாகக் கடல்நீரை விடப் பல மடங்கு உப்பாகும், லிட்டருக்கு 1,00,000 மில்லிகிராமையும் தாண்டும், பேரியமும் ரேடியமும் அதில் இருக்கும். பெரும்பகுதியை அடுத்த கிணற்றை உடைக்கவே மறுபடி பயன்படுத்துகிறார்கள், அது நல்ல வழக்கம். ஆனால் கலக்கும் முன் சோதியுங்கள். இந்த மாநிலத்தில் பழைய நிலக்கரிச் சுரங்கத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்வதுண்டு, அதில் சல்பேட் நிறைய. பேரியம் உள்ள தண்ணீரோடு அது சேர்ந்தால் தண்ணீரில் கரையாத பேரியம் சல்பேட் படிந்து குழாயையும் பிளவையும் அடைக்கும். இரண்டையும் ஒரு கண்ணாடிக் குவளையில் கலந்து ஒரு இரவு வைத்தாலே அடியில் வெள்ளையாகத் தெரிந்துவிடும். அடுத்த பேடுக்கு லாரி கிளம்பும் முன் அதைச் செய்து பார்த்துவிட்டு, கடைசி சர்வேயையும் உண்மையில் கேசிங் இறங்கிய ஆழங்களையும் அந்தப் பேடின் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.